பிசிறில்லாத வெட்டுக்கு ஒரு பலகைத் துண்டு

மேசை ரம்பத்தில் பலகையை அறுத்து முடித்ததும் கை பழகிய தச்சர் முதலில் பார்ப்பது அதன் அடிப்பக்கத்தைத்தான். திருப்பிப் போட்டு, வெட்டுப்பட்ட விளிம்பில் கட்டைவிரலை மெல்ல ஓட்டுவார். மேல்விளிம்பு வழவழவென்று இருக்கும். அடிவிளிம்பில் நார்கள் சிராய் சிராயாக எழும்பி நிற்கும். பிளைவுட்டாக இருந்தால் நெல்மணி அளவுக்கு மேல்தோல் பெயர்ந்து உள்ளே இருக்கும் வெளிறிய அடுக்கு தெரியும். "பிசிறு அடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே உப்புத்தாளைத் தேடுவார்.

சிதம்பரத்தில் என் புத்தக அலமாரிக்குப் பலகை அறுத்த தச்சரிடம் ஒருமுறை கேட்டேன்: "ஏண்ணே, பிளேடு புதுசுதானே? அப்புறம் ஏன் இப்படி வருது?"

அவர் ரம்பத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேசையில் பிளேடு தலைநீட்டும் ஓட்டையைக் காட்டினார். பிளேடுக்கு இருபுறமும் பென்சில் முனை தாராளமாக நுழையும் இடைவெளி இருந்தது. "பிளேடு புதுசுதான் சார். அடியில பிடிமானம் இல்லையே. நாரு எதை நம்பி நிக்கும்?"

பிறகு சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு சின்னப் பலகைத் துண்டை எடுத்து, மேசையில் இருந்த தகட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தினார். அதன் நடுவே பிளேடின் தடிமனுக்குச் சரியாக ஒரு கீற்று. நூல் நுழையவும் இடமில்லை. மைக்கா ஒட்டிய பலகை வந்தால் மட்டும் அதைப் போடுவாராம். எனக்காகச் சாதாரண பிளைவுட்டையே அதன் மேல் ஓட்டிக் காட்டினார். அடிவிளிம்பு மேல்விளிம்பைப் போலவே வந்தது.

இயந்திரக் கடைகளில் இதற்கு ஜீரோ கிளியரன்ஸ் இன்சர்ட் என்று பெயர். ரம்பத்தின் வாயை மூடும் பலகை என்பதால் வாய்ப்பலகை என்று இங்கே சொல்கிறேன். ஒரு கைப்பிடிப் பலகை, அரைமணி நேர வேலை. விலையுயர்ந்த பிளேடாலும் முழுதாகச் செய்ய முடியாததை இது செய்துவிடுகிறது. அது எப்படி என்று புரிந்துகொள்ள மரத்துக்குள்ளே கொஞ்சம் போக வேண்டும்.

மரம் பார்வைக்கு ஒரே கட்டியாகத் தெரிகிறது. நுண்ணோக்கியின் கீழ் அது எண்ணற்ற மெல்லிய குழாய்களின் கட்டு. தேக்கு, பலா போன்ற மரங்களில் ஒவ்வொரு நாரும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளம். தடிமனில் தலைமுடியையும்விட மெல்லியது. நாரின் சுவர் செல்லுலோஸால் ஆனது. நாரையும் நாரையும் ஒட்டிப் பிடித்திருக்கும் பசை லிக்னின். செல்லுலோஸ் இழை இழுவையை அபாரமாகத் தாங்கும். பசைக்கு அந்த வலிமை கிடையாது. பொதுவாக ஒரு நல்ல மரத்தை நார்வாக்கில் இழுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 10 கிலோ எடை அளவுக்கான விசையைத் தாங்கும். அதே மரத்தைக் குறுக்காகப் பிரித்தால் அரைக் கிலோவுக்கே விட்டுக்கொடுக்கத் தொடங்கும். விறகு பிளப்பவருக்கு இது கையிலேயே தெரியும்: நாரோடு இறங்கும் கோடாலிக்கு ஒரே போடு போதும், நாருக்குக் குறுக்கே வெட்டுவதற்குப் பத்துப் போடும் பற்றாது.

இதில்தான் பிசிறின் வேர் இருக்கிறது. நாருக்குக் குறுக்கே அறுக்கும்போது ரம்பப் பல் ஒரு நாரைச் சந்திக்கிறது. நாருக்கு முன்னே இரண்டு வழிகள். பல் இருக்கும் இடத்திலேயே வெட்டுப்படலாம். அதற்கு வலிமையான செல்லுலோஸ் அறுபட வேண்டும். அல்லது பல்லின் தள்ளலுக்கு வளைந்து, பக்கத்து நாரோடு ஒட்டிய பசையை விட்டுவிட்டு உரிந்து வரலாம். பசை பலவீனமானது. ஆகவே இடம் கிடைத்தால் நார் உரியத்தான் பார்க்கும்.

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போகும் சாலையோரம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கரும்பைக் கையில் பிடித்தபடி அந்தரத்தில் அரிவாளால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். அரிவாள் உள்ளே போகும் பக்கம் ஒழுங்காக இருக்கும். வெளியே வரும் பக்கத்தில் கடைசித் தோல் வெட்டுப்படாமல், நீளமாக உரிந்து தொங்கும். அதே கரும்பை அடியில் ஒரு கட்டை வைத்து வெட்டினால் தோலும் சேர்ந்தே துண்டாகும். அரிவாள் அதே அரிவாள்தான், வீச்சும் அதே வீச்சுதான். அடியில் கட்டை இருந்தது என்பது மட்டும்தான் மாறியது.

மேசை ரம்பத்தில் பிளேடின் முன்பக்கப் பற்கள், அதாவது நம்மைப் பார்த்திருக்கும் பற்கள், மேலிருந்து கீழாக இறங்குகின்றன. பலகையின் மேல்முகத்தில் நுழைந்து அடிமுகத்தில் வெளியேறுகின்றன. நுழையும்போது மேல்நாருக்கு அடியில் முழுப் பலகையின் தடிமனும் தாங்கி நிற்கிறது. வெளியேறும்போது கடைசி நாருக்கு அடியில் இருப்பது வெறும் காற்று. மேல்பக்கம் வழவழப்பாகவும் அடிப்பக்கம் பிசிறாகவும் வருவதற்கு இதுவே காரணம்.

அந்தப் பல் என்ன வேகத்தில் வந்து மோதுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 10 அங்குல பிளேடு, அதாவது 254 மில்லிமீட்டர் விட்டம். நிமிடத்துக்கு 4,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் இருக்கும் ஒரு பல் நொடிக்கு 53 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 190 கிலோமீட்டர். 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்த காற்று அது. ரம்பத்தின் பல் அந்தக் காற்றைவிட வேகமாக ஓடுகிறது. பிளேடில் 40 பற்கள் இருந்தால் நொடிக்கு ஏறத்தாழ 2,700 மோதல்கள். பலகையை நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் தள்ளினால் ஒவ்வொரு பல்லும் சுரண்டி எடுப்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்வளவு வேகமும் இவ்வளவு மெல்லிய சுரண்டலும் இருந்தும் நார் ஏன் உரிகிறது? பிடிமானமில்லாத நார் ஒருமுனை மட்டும் பொருத்திய உத்தரம் மாதிரி நடந்துகொள்கிறது. வீட்டு மாடியிலிருந்து வெளியே நீளும் பால்கனியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முனையில் ஓர் எடையை வைத்தால் எவ்வளவு தாழும்? பொறியியல் மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் படித்துவிடும் விதி இது: தாழ்வு, நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். நீளம் இரண்டு மடங்கானால் தாழ்வு எட்டு மடங்கு. நீளம் பத்து மடங்கானால் தாழ்வு ஆயிரம் மடங்கு.

ரம்பத்தோடு வரும் தகட்டில் வாயின் விளிம்புக்கும் பிளேடுக்கும் இடையே 4 மில்லிமீட்டர் இருக்கிறது என்று கொள்வோம். வாய்ப்பலகையில் அது 0.2 மில்லிமீட்டர். இருபதில் ஒரு பங்கு. மும்மடி விதிப்படி அதே விசைக்கு நார் வளையும் அளவு எட்டாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நார் அச்சு அசலான உத்தரம் இல்லை, கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் போகும் திசை இதுதான். தொங்கும் நீளம் சிராயின் தடிமனைவிடக் குறைந்துவிட்டால் வளைவதற்கே இடமில்லை. நார் அந்த இடத்திலேயே நறுக்குப்பட்டாக வேண்டும். கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளும் ஒட்டி உரசினால்தான் துணி வெட்டுப்படும். ஆணி தளர்ந்து அலகுகள் விலகிவிட்டால் துணி இடையில் மடங்கிக்கொள்ளும். ரம்பம் ஓர் அலகு. வாய்ப்பலகையின் கீற்று விளிம்புதான் இன்னோர் அலகு.

சரி, ரம்பத்தோடு வரும் தகட்டிலேயே வாயைச் சிறிதாக வைத்திருக்கலாமே? தயாரிப்பவருக்கு அது முடியாது. பிளேடை 45 டிகிரி வரை சாய்க்க வேண்டும். சாயும்போது வாய்க்குள் இடம் வேண்டும். ஒருவர் 3.2 மில்லிமீட்டர் தடிமனுக்கு வெட்டும் பிளேடு போடுவார், இன்னொருவர் 2.4 போடுவார். எல்லோருக்கும் பொருந்த வேண்டுமென்றால் வாய் அகலமாகத்தான் இருக்க முடியும். ஒவ்வொரு பிளேடுக்கும் ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனி வாய் வேண்டும் என்பதால் அதைச் செய்துகொள்ளும் பொறுப்பு பட்டறைக்காரருடையது.

நல்ல பிளேடால் பிசிறு குறையும், இல்லாமல் போகாது. பிளேடின் வரலாற்றில் நம் வட்டாரத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே கடலோரம் இருக்கும் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஓர் இரும்பாலை தொடங்கியது. தொடங்கியவர் சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத். சேலத்து இரும்புத் தாது, நம் காட்டு மரக்கரி என்று நம்பி நடத்திய ஆலை லாபம் தரவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி, 1839இல் உருக்கு வார்ப்பில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு நகரத்து உருக்குத் தொழிலை அந்த முறை மாற்றிப்போட்டது. உலகத்துக்கே ரம்பமும் அரமும் உளியும் அனுப்பிய ஊர் அது. பரங்கிப்பேட்டையில் தோற்ற மனிதர் உலகத்துக் கருவி உருக்கை மலிவாக்கிவிட்டுப் போனார். அதற்குரிய பணம் அவருக்குக் கிடைக்கவில்லை. வழக்குகளிலேயே காலம் போனது.

இன்றைய பிளேடுகளில் உடல்தான் உருக்கு. பல் நுனி டங்ஸ்டன் கார்பைடு. 1920களில் ஜெர்மனியில் உருவான இந்தக் கலவைக்கு விடியா என்று வணிகப்பெயர் வைத்தார்கள். வைரத்தைப் போல என்ற பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது. தேக்கில் இருக்கும் சிலிகா, மணலைப் போலச் சாதாரண உருக்குப் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். கார்பைடு தாக்குப்பிடிக்கும். கூர் எவ்வளவு நாள் நின்றாலும் அடிநாருக்குக் கீழே காற்றுதான் இருக்கிறது என்ற உண்மை மாறவில்லை.

கைக்கருவி காலத்துத் தச்சர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். கருங்கல் கோயில்கள் நிறைந்த நாட்டில் சிதம்பரத்தில் நடராசர் ஆடும் சிற்றம்பலம் மரத்தால் ஆனது. மேலே பொன் வேய்ந்த கூரை. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து மரத்தேர்கள் வீதி வலம் வருகின்றன. மர வேலை இங்கே பழைய கலை. மின்சாரம் இல்லாத அந்தப் பட்டறைகளில் பிசிறைத் தடுத்த வழிகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். பலகையில் துளைச்சட்டம் குடைபவர் ஒரே பக்கத்திலிருந்து உளியை மறுபக்கம் வரை இறக்கமாட்டார். இரண்டு முகத்திலும் கோடு போட்டு, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் குடைந்து நடுவில் சந்திக்க வைப்பார். துளை போடும்போது அடியில் ஒரு கழிவுப் பலகையை வைத்து இறுக்குவார்.

இழைப்புளி இன்னும் அழகான சான்று. அதன் அடியில் அலகு வெளியே வரும் இடத்துக்கும் வாய் என்றுதான் பெயர். மெல்லிய சீவலுக்கான இழைப்புளியில் அந்த வாய் மிகக் குறுகலாக இருக்கும். அலகுக்குச் சற்று முன்னே இருக்கும் கட்டையின் விளிம்பு, நாரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அதனால் அலகுக்கு முன்னே ஓடிப்போய் நார் பிளவுபட முடியாது. வாய் தேய்ந்து அகன்றுவிட்டால் அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் பலகை அள்ளிப்போகும். வாய்க்கு முன்னே ஒரு சின்ன மரத்துண்டைப் பதித்து மறுபடி குறுக்குவார்கள். மேசை ரம்பத்துக்கு நாம் செய்யும் வாய்ப்பலகை அந்தப் பதிப்புத் துண்டின் தம்பிதான்.

பலாவை வைத்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்ருட்டிப் பலா மிருதங்கக் கட்டையாகிறது. தஞ்சாவூர் வீணைக்கும் போகிறது. பலா மரத்தின் நார் எல்லா இடத்திலும் நேராக ஓடுவதில்லை. சில இடங்களில் பின்னிக்கொண்டு ஓடும். பின்னல் நார் உள்ள பலகையில் அருகருகே உள்ள கீற்றுகளே வெவ்வேறு திசையில் சாய்ந்திருக்கும். ஆகவே எந்தப் பக்கமிருந்து அறுத்தாலும் ஏதோ ஒரு கீற்று எதிர்நாராக வந்து சேரும். பிளைவுட்டின் சிக்கல் வேறு மாதிரி. ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டியிருப்பதால் எப்படி அறுத்தாலும் பாதி அடுக்குகள் குறுக்குவெட்டுதான். அதிலும் முகத்தோல் அரை மில்லிமீட்டர்கூட இராது. உரிந்தால் உப்புத்தாளால் சரிசெய்யவும் முடியாது.

இனி வாய்ப்பலகையைச் செய்யும் வேலைக்கு வருவோம்.

முதலில் எந்தப் பலகை என்ற கேள்வி. நான் முதன்முதலில் எம்.டி.எஃப். துண்டில் செய்தேன். நேர்த்தியாக வந்தது. ஐப்பசி மழை தொடங்கிய இரண்டாம் வாரத்தில் அது ஈரத்தை உறிஞ்சி உப்பி, மேசையின் பள்ளத்தில் இறுகிக்கொண்டது. நெம்பி எடுத்தபோது ஓரம் உதிர்ந்தது. அதன் மேல்முகம் அரை மில்லிமீட்டருக்கும் மேலாக எழும்பியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்; தள்ளும் பலகை அதில் முட்டி நின்றிருக்கும். கடலோர ஊர்களுக்கு நீரைத் தாங்கும் பலகைதான் சரி. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் நல்லது. மின்சாதனக் கடைகளில் ஹைலம் ஷீட் என்று கிடைக்கும் பேக்கலைட் தகடு இன்னும் நல்லது. ஈரம் ஏறாது, வழுக்கும், வெப்பத்துக்கு உருகாது. அக்ரிலிக்கைப் பலர் விரும்புகிறார்கள். பிளேடு உரசும் சூட்டில் அது இளகிப் பல்லில் ஒட்டும் என்பதால் நான் பரிந்துரைக்கமாட்டேன். எதை எடுத்தாலும் தடிமன், மேசையின் பள்ளத்து ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய தகட்டைக் கழற்றுங்கள். அதைப் பலகையின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே ஜிக்சாவால் அறுத்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பொருத்துங்கள். ரூட்டர் இருந்தால் பழைய தகட்டை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, நுனியில் பேரிங் உள்ள பிட்டை ஓட்டினால் அச்சாக வந்துவிடும். பள்ளத்தில் வைத்து அழுத்தினால் ஆடக் கூடாது. விரலால் தூக்கி எடுக்க ஓரத்தில் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மட்டம். பள்ளத்தின் தாங்குமுனைகளில் உட்காரும் இடங்களில் சிறு திருகாணிகளை இறக்கி, அவற்றை ஏற்றி இறக்கி மேல்முகத்தை மேசையோடு சமப்படுத்த வேண்டும். ஓர் இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். துல்லியமாகச் சமப்படுத்த முடியாவிட்டால், நம் பக்கத்து விளிம்பு தலைமுடி அளவு தாழ்ந்திருக்கலாம், ஒருபோதும் உயர்ந்திருக்கக் கூடாது. முட்டி நிற்கும் பலகையைத் தள்ள நாம் கூடுதல் பலம் கொடுப்போம்; அந்தப் பலம் சட்டென்று விடுபடும் இடத்தில் பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்.

இப்போது கீற்றுப் போடும் கட்டம். வாய்ப்பலகைக்குக் கீற்றைப் போடுவது அதே ரம்பம், அதே பிளேடு. அதனால்தான் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறது. அளவெடுத்து வெட்டினால் இந்தத் துல்லியம் வராது. பிளேடை முழுக்கக் கீழே இறக்கி, கீற்றில்லாத பலகையைப் பள்ளத்தில் வையுங்கள். 10 அங்குல ரம்பங்கள் பலவற்றில், முழுக்க இறக்கிய பிறகும் பிளேடின் உச்சி பலகையின் அடியைத் தொடும். அப்படியானால் முதலில் 8 அங்குல பிளேடைப் போட்டுப் பாதிக் கீற்றை எடுத்துக்கொண்டு பிறகு பெரிய பிளேடுக்கு மாறுங்கள். பலகையின் மேல் ஒரு நீளமான ரீப்பரைப் பிளேடின் பாதைக்கு ஒதுக்கி வைத்து, இரண்டு முனைகளையும் மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கையால் அழுத்திப் பிடிப்பது என்ற பேச்சே இருக்கக் கூடாது. கண்ணாடி அணிந்து, ரம்பத்தை ஓடவிட்டு, பிளேடு ஏற்றும் சக்கரத்தை நிதானமாகச் சுழற்றுங்கள். மரத்தூள் சீறிக்கொண்டு வரும், பிறகு கீற்று திறக்கும். தேவையான உயரம் வந்ததும் நிறுத்தி, பிளேடு முழுக்க ஓயும் வரை காத்திருங்கள்.

கடலூர், சிதம்பரம் பட்டறைகளில் பாதிக்கு மேல் நான் பார்ப்பது இப்படிப்பட்ட ரம்பம் இல்லை. பிளைவுட் மேசையில் ஓட்டை போட்டு, அடியில் கைமெஷினைக் கவிழ்த்துத் திருகியிருப்பார்கள். டைல்ஸ் அறுக்கும் 4 அங்குலக் கட்டரிலேயே மரப் பிளேடைப் போட்டுக் கவிழ்ப்பவர்களும் உண்டு. அந்தக் கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடுவது; பல்லின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரை எட்டும். அதில் மரம் அறுப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 7 அங்குல மர ரம்பத்தைக் கவிழ்த்தவர்களுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. 4 அல்லது 6 மில்லிமீட்டர் பிளைவுட்டை மேசை அகலத்துக்கு எடுத்து, வழிகாட்டிச் சட்டத்தை ஒட்டி, ஓடும் பிளேடுக்குள் நேராகத் தள்ளுங்கள். பிளேடு தாளின் நடுவுக்கு வந்து, அதன் பின்னால் நிற்கும் பாதுகாப்புத் தகடும் கீற்றுக்குள் அடங்கியதும் தள்ளுவதை நிறுத்தி, ரம்பத்தை அணைத்து, தாளை மேசையோடு நான்கு மூலையிலும் திருகிவிடுங்கள். மேசை முழுவதுமே வாய்ப்பலகையாகிவிடும். வெட்டும் ஆழத்தில் அந்தச் சில மில்லிமீட்டர் போகும், அவ்வளவுதான்.

கவிழ்த்தவர்கள் அடிக்கடி குழம்பும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கைமெஷினைக் கையில் பிடித்து அறுக்கும்போது பற்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. பிசிறு மேல்முகத்தில் வரும். ஆகவே பலகையின் நல்ல முகம் கீழே இருக்க வேண்டும். அதே மெஷினை மேசைக்கடியில் கவிழ்த்ததும் எல்லாம் தலைகீழ். நல்ல முகம் மேலே. பிளேடின் உயரத்துக்கும் பங்கு உண்டு. பிளேடு உயர்ந்து நின்றால் பற்கள் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கி அடிநாரைக் கீழே தள்ளும். பலகையின் தடிமனுக்கு மேல் ஒரு பல் உயரம் தெரிந்தால் போதும்; பல் சாய்வாகக் கடந்துபோகும், அடிப்பிசிறு குறையும்.

வாய்ப்பலகை பிசிறை மட்டும் தடுப்பதில்லை. மெல்லிய ரீப்பர்கள் அறுக்கும்போது வெட்டுப்பட்ட சிம்புகள் அகன்ற வாய்க்குள் நழுவி, பிளேடுக்கும் தகட்டுக்கும் இடையே சிக்கும். ஓடும் பல் அவற்றை அம்பாக எறியும். கீற்றில் இடைவெளியே இல்லாதபோது சிம்பு மேசையின் மேலேயே கிடக்கும். பென்சில் கோட்டைக் கீற்றின் விளிம்போடு சேர்த்து வைத்தால் வெட்டு எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிவதும் ஒரு வசதி.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். பிளேடின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலாக ஏறுகின்றன. அறுபட்ட பலகை உள்ளிறுக்கம் தளர்ந்து பிளேடைக் கவ்வினால், அந்தப் பற்கள் பலகையைத் தூக்கி, அறுப்பவரின் வயிற்றை நோக்கி எறியும். அதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ரிவிங் நைஃப் என்ற மெல்லிய தகடு நிற்கிறது. வெட்டின் அகலத்தைவிடச் சற்றே மெல்லியது. இரண்டு பாதிகளும் சேர்ந்து கவ்வாமல் இடையில் நின்று காக்கிறது. வாய்ப்பலகையில் பிளேடுக்கு மட்டும் கீற்றிருந்தால் இந்தத் தகட்டைக் கழற்றினால்தான் பலகை உட்காரும். பலர் கழற்றிவிட்டு அப்படியே அறுக்கிறார்கள். பிசிறில்லாத விளிம்புக்காக உயிர்க்காப்பை விட்டுக்கொடுப்பது எந்தக் கணக்கிலும் சரியில்லை. கீற்றைப் பின்பக்கமாக அதே நேர்க்கோட்டில் நீட்டி, ஜிக்சாவால் தகட்டுக்கு வழி வெட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

தூசியும் யோசிக்க வேண்டிய விஷயம். வாய் அடைபட்டால் மேலிருந்து காற்று கீழே இறங்குவது குறையும். தூசு உறிஞ்சி வைத்திருந்தாலும் மேசைமேல் கொஞ்சம் தூள் கூடுதலாகப் பறக்கும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. கைக்குட்டை கட்டிக்கொள்வது முகக்கவசமாகாது.

பெரிய மாடுலர் கிச்சன் தொழிற்கூடங்களில் இருக்கும் பேனல் ரம்பங்கள் பிசிறுக்கு வேறொரு விடை வைத்திருக்கின்றன. பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு குட்டி பிளேடு எதிர்த்திசையில் சுற்றி, அடிமுகத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு முன்கூட்டியே கீறிவிடும். பெரிய பல் வெளியேறும் இடத்தில் உரிவதற்கு நாரே மிச்சமிருக்காது. மைக்கா ஒட்டிய பலகைகளை நாள் முழுக்க அறுப்பவர்களுக்கு அது வேண்டும். மற்றவர்களுக்கு வாய்ப்பலகை போதும்.

ஒரு வாய்ப்பலகை எல்லாக் காலத்துக்கும் உழைக்காது. பிளேடு அதிர்வதிலும், தடிமனான வேறு பிளேடை மாற்றிப் போடுவதிலும், ஒருமுறை சாய்த்து அறுத்துவிட்டு மறுபடி நேராக்குவதிலும் கீற்று அகன்றுவிடும். அகன்ற பிறகு அது பழைய தகட்டுக்குச் சமம்தான். ஆகவே ஒரே நேரத்தில் நான்கைந்து துண்டுகளை அச்சுக்கு வெட்டி வைத்துக்கொள்வது நல்லது. கீற்றைத் தேவைப்படும் அன்று போட்டுக்கொள்ளலாம். தச்சுத் தொழில் கற்றுக்கொடுக்கும் ஐ.டி.ஐ.க்களில் மேசை ரம்பத்தைத் தொடும் மாணவர்களுக்கு முதல் பயிற்சியே இதுவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அளவெடுப்பு, பொருத்தம், மட்டம், பாதுகாப்பு நான்கும் அந்த ஒரு துண்டில் அடங்கியிருக்கின்றன.

ரம்பம் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒன்று செய்துவிடுங்கள். பின்பக்கக் கீற்றை மறக்க வேண்டாம். செய்து முடித்ததும் எந்த பிளேடுக்கு, எந்தக் கோணத்துக்கு என்று அதன் அடியில் பென்சிலால் எழுதி வையுங்கள்.